ஜெனரேட்டர் வேண்டாம் என்று நான் சொன்ன கல்யாணம்

மேடென்றால் வரப்பு, பள்ளமென்றால் வாய்க்கால் என்றிருக்கும் தஞ்சாவூர்ப் பக்கத்தில் மலையேறும் ஜீப் வாங்கியவன் சும்மா இருக்க மாட்டான். ஏறுவதற்கு மலை இல்லாததால் வண்டியின் மேல் எதையாவது ஏற்றிக்கொண்டே இருப்பான். நானும் ஏற்றினேன். பெரிய டயர், சேற்றில் சிக்கினால் இழுக்க வின்ச், முகப்பில் வரிசையாக ஃபோகஸ் லைட்டு. (இத்தனையோடும் நான் போனது பெரும்பாலும் காய்கறி மார்க்கெட்டுக்கு.) விளக்கு கூடக் கூட பேட்டரி தாங்கவில்லை. ஆகவே ஆல்டர்னேட்டரை மாற்றினேன். ஓடுகிற இன்ஜினிலிருந்து கரண்ட் எடுத்து பேட்டரிக்கு ஊட்டுகிற சாமான் அது. பழையதைப் போல இரண்டு மடங்கு கரண்ட் தருவதாகப் பார்த்து வாங்கினேன்.

மாட்டிக்கொடுத்த எலக்ட்ரீஷியன், "இனிமே நீங்க கல்யாணத்துக்கே லைட்டு போடலாம் சார்" என்றார். மனுஷன் பேச்சுக்குச் சொன்னார். நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

காரணம், கீழ்வேளூர்ப் பக்கம் என் மச்சினன் சக்திக்குக் கல்யாணம் வந்திருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு என் திறந்த ஜீப்தான் ஊர்வல வண்டி. விளக்குகளுக்குக் கரண்ட் கொடுக்கப் பின்னால் ஒரு ஜெனரேட்டர் வண்டி வரட்டும் என்று மாமனார் ஏற்பாடு செய்திருந்தார்.

"ஜெனரேட்டர் எதுக்கு மாமா, ஊர் சிரிக்க? என் வண்டியே போதும்" என்றேன்.

மாமனார் என் மனைவி பக்கம் திரும்பினார். "மலரு, இவரு பேச்ச நம்பலாமா?"

"நம்புங்கப்பா. எந்நேரமும் அந்த ஜீப்புக்கு அடியிலதானே கெடக்குறாரு."

ஜெனரேட்டரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த நிமிடத்திலிருந்து என் மானத்தோடு மலரின் மானமும் ஜீப்பில் ஏறிக்கொண்டது.

ஊர்வலத்தன்று காலையில் சீரியல் செட், சரவிளக்கு, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு தஞ்சாவூரிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். நல்ல வேகம். பட்டப்பகலில் ஜெகஜோதி. (எதிரே வந்த பஸ் டிரைவர் ஏதோ திட்டினார். பொறாமை என்று நினைத்தேன்.)

பொழுது சாய்ந்ததும் பிள்ளையார் கோயில் வாசலில் சக்தியைப் பட்டு வேட்டியும் மாலையுமாக ஏற்றினோம். ஏழரையோடு நல்ல நேரம் முடிகிறது, அதற்குள் அவன் மண்டபப் படி ஏறியாக வேண்டும். வாசலில் ஆரத்தி எடுக்கும்வரை வண்டியை விட்டு இறங்கவும் கூடாது. இரண்டும் மாமனாரின் கண்டிப்பான உத்தரவு. சுவிட்சைப் போட்டேன். தெருவே வெளுத்தது. மாமனார் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். கல்யாணமான நாளாக அவர் அப்படித் தட்டியதில்லை.

அப்புறம் நாதஸ்வரம் கிளம்பியது. அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

நாதஸ்வரத்துக்குப் பின்னால்தான் மாப்பிள்ளை வண்டி போக வேண்டும். நாதஸ்வரக்காரரோ நாலடி நடப்பார், நின்று ஒரு ராகத்தை இழுப்பார், யாராவது தலையாட்டினால் மறுபடி முதலிலிருந்து இழுப்பார். எவ்வளவு பெரிய ஆல்டர்னேட்டராக இருந்தாலும் இன்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் முழுக் கரண்ட் தரும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊர்ந்துபோகிற வண்டியில் விளக்குகள் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டிருந்தன. கோயில் தெரு முடிவதற்குள் சரவிளக்கு மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பானது.

"என்ன மாப்ள, மங்குது?"

"வோல்டேஜ் மாமா" என்று சொல்லிவிட்டு நியூட்ரலில் போட்டு அக்சிலேட்டரை மிதித்தேன். விர்ர்ர்! விளக்கு பளீரென்றது. காலை எடுத்தேன், அழுதது. மிதித்தேன், சிரித்தது. அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

நாதஸ்வரக்காரர் திரும்பி முறைத்தார். "அண்ணே, நான் வாசிக்கட்டுமா, நீங்க வாசிக்கிறீங்களா?"

மலர் ஜீப்போடு நடந்து வந்தாள். முகத்தில் சிரிப்பு, பல்லிடுக்கில் குரல். "என்னங்க இது? அந்தச் சத்தத்த நிறுத்துங்க."

"நிறுத்துனா இருட்டிரும்டி!"

சக்தி பின்னாலிருந்து குனிந்தான். "அத்தான், மணி ஏழேகால்."

நாங்கள் வந்திருந்தது வாய்க்காலோரம் தெருவிளக்கே இல்லாத இடம். கியரைப் போட்டு மெல்ல நகர்த்தினேன். அந்நேரம் பார்த்து நாதஸ்வரக்காரருக்கு இன்னொரு ராகம் ஞாபகம் வந்து சட்டென்று நின்றார். நான் பதறி பிரேக்கை அமுக்க, வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது. சாவியைத் திருப்பினேன். டிக் என்றது. மறுபடி திருப்பினேன். அந்த டிக்கும் இல்லை. விளக்கு, ஸ்பீக்கர், என் மரியாதை எல்லாம் ஒன்றாகப் போயின. இருட்டில் வாய்க்கால் தவளைகள் மட்டும் கச்சேரி செய்தன.

"தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம்" என்றது ஒரு குரல்.

"முன்னாடி பொம்பளைங்க தட்டோட நிக்கிறாங்க, பாஞ்சுதுன்னா?" என்றார் மாமனார். "ஸ்டார்ட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம். அப்படியே மண்டபம் வரைக்கும் தள்ளுங்க!"

"அப்பா, நான் எறங்கி நடந்துடுறேனே" என்றான் சக்தி.

"எறங்குன, தொலச்சுப்புடுவேன்!"

எல்லோரும் செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு தள்ளினார்கள். என்ன ஆயிற்றோ என்று மண்டபத்திலிருந்து ஓடிவந்த பொண்ணின் அப்பாவும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கை கொடுத்தார்.

மாமனார் துடித்துப்போனார். "அய்யய்யோ, சம்பந்தி! நீங்க தள்ளக் கூடாது!"

"நேரம் போவுது, பேசாம தள்ளுங்க சம்பந்தி!"

சொந்த மகளின் மாப்பிள்ளையை அந்த மனுஷன் தானே தள்ளிக்கொண்டுவந்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தேன். மண்டபத்து வாசலில் அவசர அவசரமாக ஆரத்தி சுற்றினார்கள். சக்தி மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவினான். உள்ளே போனபின்தான் கடிகாரம் ஏழரை அடித்தது.

மாமனார் மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கம் வந்தார். நான்கு வார்த்தை திட்டுவார் என்று தலையைக் குனிந்தேன். அவர் திட்டவில்லை. டார்ச்சை என் காலடியில் அடித்துப் பார்த்தார்.

"மாப்ள, வண்டிதான் செத்துப்போச்சே. இன்னும் ஏன் மிதிக்கிறீங்க?"

குனிந்து பார்த்தேன். அக்சிலேட்டர் தரையோடு தரையாக அழுந்திக் கிடந்தது.

இப்போது சக்திக்கு ஒரு பெண் குழந்தை, பள்ளிக்கூடம் போகிறாள். ஊர்வலத்தைப் பார்த்தவளில்லை, கதையை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கிறாள். போன வாரம் மாமனார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது.  எனக்குத் தெரியும், அடுத்து என்ன வரும் என்று.

"மாமா, கொஞ்சம் அக்சிலேட்டர மிதிங்க!" என்றாள் அந்தப் பொடிசு.

வீடே சிரித்தது. மலர்தான் எல்லோரையும் விட அதிகம் சிரித்தாள். இதில் வெளியே சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. அந்தப் பொடிசு சொல்வதற்கு முன்பே, இலைக்கு எதிரே சம்மணமிட்டிருந்த என் வலது கால் தரையை அழுத்த ஆரம்பித்திருந்தது.