பவளத்தொட்டிச் சமாதானக் கமிட்டி

ஒரு வீட்டில் என்னென்ன மீன் வளர்க்க வேண்டும் என்பது அந்த வீட்டாரின் சொந்த விவகாரம் என்றுதான் அரசாங்கம் இதுநாள்வரை கருதிவந்திருக்கிறது. இந்தப் பெரும் அலட்சியத்தை முதன்முதலாகக் கவனித்தவர் பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில், நெல்லிக்காட்டுவிளைத் தெருவில் குடியிருக்கும் தங்கையன், தாசில்தார், ஓய்வு. அந்த ‘ஓய்வு’ வாசல் பலகையில் சின்ன எழுத்தில் இருந்தது. வீட்டுக்குள் அது நடைமுறைக்கு வரவில்லை.

தங்கையன் சர்வீஸில் ஒரே ஒரு காரியத்தில் பேர் வாங்கியவர். எங்கேயாவது இரண்டு தரப்பு ஒலிபெருக்கிக்கோ, கொடிக்கம்பத்துக்கோ, வாய்க்கால் வரப்புக்கோ மோதிக்கொண்டால் சமாதானக் கூட்டம் போடுவார். இருவரையும் எதிரெதிரே உட்கார்த்தி, டீயும் பழபஜ்ஜியும் கொடுத்து, ‘இனி எக்காலத்திலும் எவ்வித அசம்பாவிதத்துக்கும் இடம்தராமல் சுமுகமாக நடந்துகொள்வோம்’ என்று கையெழுத்து வாங்கிவிடுவார். அவர் போட்ட கூட்டம் ஒன்றுகூடத் தோற்றதில்லை. கையெழுத்துக்குப் பிறகு நடந்த மண்டை உடைப்புகள் போலீஸ் கணக்கில் சேரும். அவர் கணக்கில் சேராது.

ஓய்வுக்குப் பிறகு வீட்டில் அவரும் மனைவி நேசபாயும்தான். நேசபாய் சண்டைக்கு வருகிற ஆளில்லை. சண்டையில்லாத இடத்தில் சமாதானம் செய்ய வழியில்லாமல் மனிதர் வாடிப்போனார்.

அந்தச் சமயத்தில்தான் தெருவுக்குப் பவளத்தொட்டி மோகம் வந்தது. முன்பெல்லாம் ஒரு வீட்டின் கௌரவம் கேட்டில் தெரிந்தது. பிறகு மாடிப்படியின் கண்ணாடிக் கைப்பிடியில் தெரிந்தது. இப்போது ஹாலில் உப்புத்தண்ணீர் வைக்காத வீடு வீடே இல்லை என்றாகிவிட்டது. பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் மொத்தக் கடலும் ஓசியில் கிடக்கிறது. ஓசியில் கிடப்பதைப் பார்க்க யார் போவார்கள்? முதலில் எதிர்வீட்டு முத்துநாயகம் வைத்தார். அவர் தெரு நலச்சங்கத்தின் செயலாளர். தங்கையன் வீட்டுக்குப் பொறுக்குமா? தோஹாவிலிருக்கும் மகன் ஸ்டெனி அப்பாவுக்கும் ஒரு தொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிளைட் ஏறினான். கடலில் பவளத்தை உடைத்தெடுப்பது குற்றம் என்று தங்கையன் கண்டிப்பாகச் சொன்னதால் பிசினில் வார்த்த பவளம் வந்தது. அது அசலைவிடச் சிவப்பாக இருந்தது.

நேசபாய்க்கு ஒரே ஒரு ஆசை. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கிளவுன் மீன் ஒரு ஜோடி வேண்டும். ஸ்டெனியும் பேரப்பிள்ளைகளும் போனபிறகு வீட்டில் துள்ளி ஓடுகிற ஜீவன் எதுவும் இல்லாமல் அவளுக்கு நெஞ்சே வெறிச்சென்று கிடந்தது. அந்த இரண்டு மீன்களையும் கடையில் பார்த்த கணத்திலேயே அவை தன்னுடையவை என்று முடிவுசெய்துவிட்டாள்.

கடைக்காரன் ஜெரிஷ் தொழில் தெரிந்தவன்.

“சார், கலர மட்டும் பாத்து எடுக்கப்பிடாது. ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போவுமான்னு பாக்கணும்.”

“ஒத்துப்போக வைக்கது எனக்க வேலையாக்கும். நீ மீனக் காட்டு மக்கா,” என்றார் தங்கையன்.

அவர் முதலில் விதித்த நிபந்தனை, எந்தக் கட்சிக் கொடியின் நிறமும் தொட்டிக்குள் வரக்கூடாது என்பது. ஹால் தெருவைப் பார்த்து இருக்கிறது, நாளைக்குப் பேச்சு வரும். ஜெரிஷ் ஒவ்வொரு மீனாகக் காட்டினான். மஞ்சள் ஆகாது, சிவப்பு ஆகாது, நீலம் ஆகாது, ஆரஞ்சு ஆகவே ஆகாது. நேசபாயின் முகம் சுருங்கிப்போனது. கடைசியில் எந்தக் கட்சியும் உரிமை கோராத நிறம் என்று மிஞ்சியது தண்ணீரின் நிறம்தான். ஆகவே எல்லாக் கட்சி நிறத்திலும் மீன் வாங்கினால் அதுவே நடுநிலை என்று அவர் அங்கேயே திருத்த உத்தரவு பிறப்பித்தார். நேசபாய்க்கு மூச்சு வந்தது.

வெளியே வரும்போது மூலைத் தொட்டியில் ஒன்று நின்றது. செம்பழுப்பு உடம்பு முழுக்க வரிவரியாக, இரண்டு பக்கமும் விசிறி விரித்ததுபோலத் துடுப்பு. அது நீந்தவில்லை. கல்லுக்கடியில் நின்றபடி வந்தவரை ஏற இறங்கப் பார்த்தது. உட்காரச் சொல்லவில்லை.

“இது யாரு?” தங்கையனின் குரலில் தன்னால் மரியாதை வந்துவிட்டது.

“லயன் மீன் சார். அது வேண்டாம். வாயில கொள்ளுகதெல்லாம் முழுங்கும். முள்ளுல வெஷமும் உண்டு.”

“வெஷம் இல்லாம என்னத்த நிர்வாகம் பண்ணுகது? நிக்குத நிலையப் பாத்தியா. ஒரு ஓட்டமா, ஒரு துள்ளலா? ஆபீசர்னா இப்பிடில்லா இருக்கணும்.”

“நான் வேண்டாம்னு சொன்னேன் சார்.”

“சொன்னா ஆச்சா? எழுத்துல குடு.”

ஜெரிஷ் அதை எழுத்தில் கொடுக்கவில்லை. பில்லை மட்டும் எழுத்தில் கொடுத்தான்.

பயந்த சுபாவமுள்ள மீன்களை முதலில் விட்டு, முரட்டு மீனைக் கடைசியில் விடுவதுதான் தொட்டி வைப்பவர்களின் வழக்கம். தங்கையன் இதைக் கேட்டுச் சிரித்தார். பணிமூப்பு என்று ஒன்று இருக்கிறதே. லயன் அன்று முற்பகலில் முறைப்படி பொறுப்பேற்றது. அதன்பின் மஞ்சள் மீன், கிளவுன் ஜோடி, கடைநிலை ஊழியராக நாலைந்து நீலக்குஞ்சுகள் என்று வரிசைப்படி விடப்பட்டன. லயன் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தது. புதிய அதிகாரி பணியாளர்களை அறிமுகம் செய்துகொள்கிறார் என்று தங்கையன் பரவசத்தோடு மனைவிக்கு விளக்கினார்.

மறுநாள் நீலக்குஞ்சில் ஒன்றைக் காணோம். அதற்கு மறுநாள் இன்னொன்றைக் காணோம்.

“அது திங்குது,” என்றாள் நேசபாய்.

“கண்ணால பாத்தியா?”

“அதுக்க வயித்தப் பாருங்க.”

“வயிறு சாட்சி சொல்லாது. ரெண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசணும்.”

நீண்ட நாளைக்குப் பிறகு தங்கையன் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டார். தொட்டிக்கு முன்னால் நாற்காலிகள் போடப்பட்டன. லயன் தரப்பில் ஜெரிஷ் ஆஜரானான். நீலமீன் தரப்பில், அப்போது சும்மா இருந்தார் என்ற தகுதியில், முத்துநாயகம் அழைக்கப்பட்டார். டீயும் பழபஜ்ஜியும் வந்தன.

“உங்க தரப்புக் கோரிக்கை என்ன?” என்றார் கூட்டத் தலைவரான தங்கையன்.

“வேற என்ன, தின்னப்பிடாது,” என்றார் முத்துநாயகம், பஜ்ஜியைக் கடித்தபடி.

“தின்னுகதுன்னு போட்டா எதிர்த்தரப்பு மனசு புண்படும். இடையூறுன்னு போடுவோம். லயன் தரப்பு என்ன சொல்லுது?”

“பசிச்சா என்ன சார் செய்யும்?” என்றான் ஜெரிஷ்.

“நியாயமான கேள்வி. கனிவோட பரிசீலிக்கலாம்.”

ஒருமணி நேரப் பேச்சுவார்த்தையில் உடன்பாடு ஏற்பட்டது. லயன் கொட்டாவி விடும் சமயங்களில் நீலமீன்கள் எதிரே வந்து ஆத்திரமூட்டக்கூடாது. லயன் கூடியவரையில் பொறுமை காக்க வேண்டும். இரு தரப்புக்கும் எல்லையாகக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடப்பட்டது. முத்துநாயகமும் ஜெரிஷும் எண்ணெய்க் கையோடு கையெழுத்துப் போட்டார்கள். லயன் இதையெல்லாம் ஆடாமல் அசையாமல் கவனித்தது. இப்படி ஒத்துழைப்புத் தருகிற ஒரு தரப்பைத் தன் சர்வீஸிலேயே பார்த்ததில்லை என்று தங்கையன் நெகிழ்ந்தார்.

இரண்டு நாளில் நீலத் தரப்பில் ஒருவரும் மிச்சமில்லை. அதாவது புகார் கொடுக்க ஒருவரும் மிச்சமில்லை. ஒப்பந்தம் முழு வெற்றி என்று தலைவர் அறிவித்தார்.

பிறகு மஞ்சள் மீன் போயிற்று. அன்று லயன் வழக்கத்தைவிட மெதுவாக மூச்சு விட்டது. ஆரஞ்சு ஜோடி பிசின் பவளத்தின் ஓர் இடுக்கில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்பதை நேசபாய் பார்த்தாள். முன்தினம் வரை அவள் விரலைக் கண்ணாடியில் வைத்தால் ஓடிவந்த ஜோடி அது. அவளுக்கு அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னால் ஆத்திரமும் வந்தது.

“அதுவளையாவது வேற தொட்டியில போடுங்க. கேட்டியளா? உங்களத்தான்.”

“ஆபீசர மாத்துன்னு ஸ்டாஃப் சொன்னா மாத்த முடியுமா? மூணு வருஷமாவது இருக்க விடணும்.”

கணவர் பேப்பரோடு தூங்கிய மதியத்தில் நேசபாய் ஜெரிஷை வரவழைத்து, காற்றுக்குழாய் வைத்த ஒரு சின்னத் தொட்டி வாங்கி, ஆரஞ்சு ஜோடியை அடுக்களைக்குக் கொண்டுபோய் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அதைவிடப் பத்திரமான இடம் அந்த வீட்டில் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து தங்கையன் அடுக்களையை ஆய்வு செய்ததே கிடையாது. ஜெரிஷுக்கு இந்த விற்பனையிலும் மனவருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

சாயங்காலம் தங்கையன் தொட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு, ஜோடி தன் சொந்த விருப்பத்தின்பேரில் விலகிக்கொண்டதாகக் கொள்ளலாம் என்றார்.

அந்தச் சனிக்கிழமை தெரு நலச்சங்கக் கூட்டம் தங்கையன் வீட்டு ஹாலில் நடந்தது. தெருவில் மழைநீர் ஓடை வெட்டுவதற்குப் பணம் வந்து கிடந்தது. ஓடை வடக்குப் பக்கம்தான் என்று முத்துநாயகம் கோஷ்டியும், தெற்குப் பக்கம்தான் என்று சிவபிரசாத் கோஷ்டியும் நின்றதால் மண்வெட்டி இன்னும் மண்ணைத் தொடவில்லை. இரண்டு கோஷ்டியும் முறைத்துக்கொண்டே உள்ளே வந்தன. வந்தவுடன் தொட்டி கண்ணில் பட்டது.

அவ்வளவு பெரிய தொட்டியில் லயன் மட்டும் நின்றது. நன்றாகக் கொழுத்திருந்தது. வெளிச்சத்தில் துடுப்புகள் பட்டுப்போல விரிந்தன. ஹாலில் சத்தம் அடங்கிவிட்டது.

“எனக்க தொட்டியில எப்பவும் துரத்தலும் கடியும்தான் சார். இதுல ஒரு சண்டையும் கிடையாதா?” என்று முத்துநாயகம் கேட்டார். நீலமீன்களுக்காகக் கையெழுத்துப் போட்ட அதே முத்துநாயகம்தான்.

“இதுவரைக்கும் ஒரு புகார் வரல்ல.”

“கலர் கலரா மீன் விட்டதாட்டு கேள்விப்பட்டேன்,” என்றார் சிவபிரசாத்.

“விட்டேன். கலர் கூடுகதுதான் பிரச்சினைக்கே காரணம்னு அனுபவத்துல தெரிஞ்சுது.”

எல்லோரும் தலையாட்டினார்கள். சிவபிரசாத் எழுந்தார். “இந்தத் தெருவுக்கும் இதுபோல ஒரு அமைதி வேணும். நீங்களே நிரந்தரத் தலைவரா இருந்து முடிவெடுங்க சார்.” வடக்குக் கோஷ்டி முதன்முறையாகத் தெற்குக் கோஷ்டியை ஆமோதித்தது. தங்கையனுக்குக் கண் கலங்கிவிட்டது. லயன் கொட்டாவி விட்டது.

அடுக்களையில் டீக்கு உதவப் போன முத்துநாயகத்தின் மனைவி முத்துக்கனி அரிசிப் பானைப் பக்கம் பார்த்துவிட்டு நின்றாள்.

“ஏட்டி நேசபாய், சொக்கான மீனு ரெண்டும் இஞ்ச நிக்குது. ஹால்ல விடாம இஞ்ச எதுக்கு வச்சிருக்க?”

“அதுவ ரெண்டும் மெடிக்கல் லீவுல நிக்குதாக்கும்.”

முத்துக்கனி சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் ஹால் பக்கம் காதைக் கொடுத்தாள். ஹாலில் அவள் வீட்டுக்காரர் ஜெரிஷுக்குப் போன் போட்டு, லயன் இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“இந்தச் சின்னத் தொட்டி எங்கட்டி கிட்டும்?” என்று மெதுவாகக் கேட்டாள்.

இப்போது நெல்லிக்காட்டுவிளைத் தெருவில் எல்லா ஹாலிலும் ஒரு லயன் நிற்கிறது. எல்லா அடுக்களையிலும் யாராவது மெடிக்கல் லீவில் இருக்கிறார்கள். ஜெரிஷ் கடையை மாடிக்கும் விரித்துவிட்டான்.

தெரு நலச்சங்கம் அமைதியாக நடக்கிறது. தலைவர் முதல் கூட்டத்திலேயே, ஓடை என்ற வார்த்தை சிலர் மனதைப் புண்படுத்துவதால் அதை இனி யாரும் சொல்லக்கூடாது என்று முடிவெடுத்தார். அடுத்த கூட்டத்துக்குச் சிவபிரசாத்துக்கு முழங்கால் வலி. முத்துநாயகத்துக்குக் காய்ச்சல். மற்றவர்களுக்கு அவரவர் வசதிப்படி. தங்கையன் நாற்காலிகளுக்கு எதிரே தனியாக உட்கார்ந்து எல்லாத் தீர்மானங்களையும் எதிர்ப்பின்றி நிறைவேற்றுகிறார். இப்படி ஓர் ஒற்றுமையைத் தன் சர்வீஸில் கண்டதில்லை என்று தோஹாவுக்குப் போன் செய்து சொன்னார்.

ஐப்பசி மழை வந்தது. தண்ணீர் வடக்கு வீடுகளுக்குள்ளும் தெற்கு வீடுகளுக்குள்ளும் பாரபட்சமில்லாமல் நுழைந்தது. ஒருவரும் புகார் கொடுக்கவில்லை. அவரவர் அடுக்களையில் உட்கார்ந்திருந்தவர்கள், தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும் எழுந்து, சின்னத் தொட்டியை மட்டும் அலமாரியில் ஒரு தட்டு மேலே தூக்கி வைத்துக்கொண்டார்கள்.