ஜெரோம் விட்டுப்போன நம்பர்

சிங்கப்பெருமாள் கோயில்,
வெள்ளிக்கிழமை

சிரஞ்சீவி தம்பி பட்டாபிக்கு,

அக்கா செங்கமலம் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. நீயும் மேக்னாவும் சௌக்கியமாக இருக்கப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். நாங்களும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. இதைப் போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போன் என்ற வார்த்தையைக் கேட்டாலே நேற்றிலிருந்து காதைப் பொத்திக்கொள்கிறேன்.

எல்லாம் உன்னால் வந்தது. "ஒரே கம்பெனிகிட்ட கைகட்டி நின்ன காலம் போச்சுக்கா, இப்ப போட்டி வந்தாச்சு, இனிமே ஜனங்களுக்குத்தான் லாபம்" என்று பிரசங்கம் செய்து என் பழைய சிம்மைத் தூக்கிப் போடச் சொன்னாய். ஸ்டேஷன் வாசலில் குடை நட்டு உட்கார்ந்திருந்தவனிடம் புதுசு வாங்கிக் கொடுத்தாய். போட்டிக்கு வந்த கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டியதும், மிஞ்சியவர்கள் சொல்லிவைத்தாற்போல் விலையை ஏற்றியதும் உன் பிரசங்கத்தில் வரவில்லை. ரீசார்ஜ் செய்யாமல் விட்டவனுடைய நம்பரை எடுத்து அடுத்தவர் தலையில் கட்டுவார்கள் என்பதும் வரவில்லை. என் தலையில் கட்டியது, மாமல்லபுரத்தில் மீன் வியாபாரம் செய்யும் ஜெரோம் என்பவனுடைய நம்பர்.

முதல் நாளே, பெருமாளுக்குத் தளிகை பண்ணிக்கொண்டிருக்கிறேன், ஒருவன் கூப்பிட்டு, "இன்னாபா, வஞ்சிரம் வந்துச்சா?" என்கிறான். வெங்காயம்கூட வாசலைத் தாண்டாத வீடு இது! ராங் நம்பர் என்றால், "வெளாடாதக்கா, ஜெரோமாண்ட குடு" என்கிறான். அவனைத் தொடர்ந்து இன்னும் பலர். மறுபடி கூப்பிட்டால் எடுக்கக்கூடாதே என்று, அவரவர் கேட்டதையே பெயராகப் போட்டுப் பதிந்து வைத்தேன். சுறா, நண்டு, இறால் என்று போன் முழுக்க ஒரே வாடை. உன் அத்திம்பேர் அதைத் தொட்டால் கை அலம்புகிறார்.

நேற்று மத்தியானம் ஒரு அம்மாள் அழுதுகொண்டே கூப்பிட்டாள். "மாப்ளே, எங்க கீறே? ஜெசிந்தாவுக்கு வலி வந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரில சேத்துட்டோம். ஆபரேசன் பண்ணணுமாம். அவ ரத்தம் லேசுல கெடைக்காதாம், உனுக்கும் அதே ரத்தந்தானே, ஓடியா மாப்ளே!"

நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. திருப்பிக் கூப்பிட்டால் யாரோ ஒருவன். "மார்கரெட்டுன்னு ஒரு அம்மா அழுதுகினே போன் கேட்டுச்சு, குடுத்தேன். அது உள்ள போயிடுச்சு. நான் பஸ்ல வந்துகினு கீறேன்கா."

"ராங் நம்பர்தானே, வெச்சுட்டு வந்து சாதத்தைப் போடு" என்றார் அத்திம்பேர். "அந்தம்மா சரியான நம்பருக்குத்தான் பண்ணியிருக்கா. நாமதான் தப்பான ஆளு" என்றேன். அப்புறம் அவரும் இலை முன்னால் உட்காரவில்லை.

அந்த ஜெரோமை நான் எங்கே போய்த் தேடுவேன்? சுறாவைக் கூப்பிட்டேன், சுவிட்ச் ஆஃப். நண்டு, "அவன் நம்பர மாத்திட்டான்கா, புதுசு இன்னான்னு தெரியல" என்றது. வஞ்சிரம் என் குரலைக் கேட்டதுமே "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டது. நான் கற்றுக்கொடுத்த பாடம். அதற்குள் டவர் போய்விட்டது. கொதிக்கிற மொட்டை மாடிக்கு வெறுங்காலோடு ஓடி இறாலைக் கூப்பிட்டேன். கடற்கரை ஓட்டல் சமையல்காரராம், பாலசுப்ரமணியன் என்று பெயர்.

"ஜெரோமா? இப்பதான் ஐஸ் பொட்டிய எறக்கிட்டு வண்டிய எடுக்கறான்."

"ஓடுங்கோ! பிடிங்கோ அவனை! அவன் ஆம்படையாளுக்கு ஆபத்து!"

போனுக்குள் ஓடுகிற சத்தம், மூச்சு இரைக்கிற சத்தம், ஹாரன். "டேய் ஜெரோமு, நில்றா!" என்று அவர் அங்கே கத்த, நானும் மாடியிலிருந்து "நில்லுடா ஜெரோம்!" என்று கத்த, சன்னதித் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. பிறகு ஒரு புதுக்குரல், "யாருங்க?" என்றது. சொன்னேன். "எந்த ஆஸ்பத்திரிமா?" என்று மட்டும் கேட்டான். வண்டி கிளம்பியது காதில் விழுந்தது.

அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. பழைய ராங் நம்பர்கள்கூட அடிக்கவில்லை. அத்திம்பேர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு கூடத்தில் நடக்கிறார், கை அலம்பவில்லை. விளக்கேற்றும் நேரத்துக்கு அடித்தது. "அம்மா, பொண்ணு பொறந்துகீது. ரெண்டு பேரும் நல்லா கீறாங்கோ. உங்க நம்பர் யாராண்டயும் கேக்கலம்மா, என் நம்பருக்கே நான் போன் போட்டேன்" என்று சொல்லிவிட்டு அழுதான். நானும் அழுதேன். உன் அத்திம்பேர் தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

நல்லபடியாக முடிந்தது, சரி. நான் அந்த நேரம் குளித்துக்கொண்டிருந்தால்? கோயிலுக்குப் போயிருந்தால்? ஒரு குடும்பத்தின் உயிரைக் கட்டிக்கொண்டு என்னால் உட்கார முடியாது. ஞாயிற்றுக்கிழமை முதல் எலெக்ட்ரிக் ட்ரெயினில் நீயே வந்து, இந்த நம்பரை ஒழித்துக்கட்டிவிட்டு, என் பழைய சிம்மை எங்கிருந்தாவது மீட்டுக் கொடு. இல்லையென்றால் எனக்குப் போனே வேண்டாம். இது என் முடிவு.

மேக்னாவுக்கு என் அன்பு. உனக்குக் கோபத்தோடு கூடிய ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அக்கா செங்கமலம்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது ஒரு மெசேஜ் வந்தது. ஜெசிந்தாவின் குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி என்றைக்கு என்று போட்டிருக்கிறது. ஜெரோமைக் கூப்பிட்டுக் கேட்டேன். மாமியார் மார்கரெட்டுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் இது ஒன்றுதானாம், ஆஸ்பத்திரியில் இதையே எழுதிக் கொடுத்துவிட்டாள். பள்ளிக்கூடம் போகும் வயசு வரை ஊசி இருக்குமே. ஆகையால் ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம். ஒரு வருஷத்து ரீசார்ஜாகப் போட்டுவிடு.