முழுக் கல்யாணமும் பேப்பரில்

"அந்த லிஸ்ட்ட கண்டக்டருகிட்ட குடுத்து அனுப்பிட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க சார்!" ஸ்டூடியோவில் படங்களைப் பிரித்து வைக்கும் கனிமொழி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள்.

"அனுப்பியாச்சே. பஸ்ஸு இந்நேரம் லால்பேட்டை தாண்டியிருக்கும்," என்றார் நடனசபாபதி பெருமையாக.

சிதம்பரத்தில் அவர் வைத்திருந்த போட்டோ ஸ்டூடியோவுக்குப் பலகையில் 'டிஜிட்டல் கலைக்கூடம்' என்று பெயர். கம்ப்யூட்டரில் உள்ள ஃபோல்டர்களின் பெயர்களை வரிசைப்படுத்தி அச்சடித்துத் தரும் சாஃப்ட்வேரை அன்று காலைதான் வாங்கியிருந்தார். பட்டனைத் தட்டினால் முழுக் கல்யாணமும் பேப்பரில் வந்துவிடும் என்று காட்டுமன்னார்கோயில் ரைஸ் மில் உத்திராபதியிடம் போனில் முழங்கி, அவருடைய மூத்த பெண்ணின் கல்யாணப் படங்களின் பட்டியலைப் படித்துக்கூடப் பார்க்காமல் உறையில் போட்டு அனுப்பிவிட்டார். ஆல்பத்துக்கு யார் யார் படம் வேண்டும் என்று உத்திராபதி வீட்டார் அதில் குறித்துத் தர வேண்டும். இந்த வேகத்தில் அசந்துபோய் உத்திராபதி இளைய பெண்ணின் கல்யாண ஆர்டரையும் தனக்கே தர வேண்டும் என்பது அவர் திட்டம்.

"எனக்கு அவுங்க சொந்தக்காரங்க பேரு தெரியுமா சார்? ஆளுக்கு ஒரு ஃபோல்டரு போட்டு, அடையாளத்துக்கு நானா ஒரு பேரு வச்சிருந்தேன்."

நடனசபாபதி இன்னொரு பிரதியை எடுத்துப் படித்தார். 'மூணு பந்தி சாப்புட்ட மாமா.' 'பாயசம் சரியில்லன்னு கத்துனவரு.' 'கேமராவ பாத்தா மட்டும் அழுவுற அத்தை.' 'மொறைக்கிற பெரியப்பா.' அந்த ஃபோல்டருக்குள்ளேயே இன்னொன்று: 'இன்னும் மொறைக்கிறாரு.'

உத்திராபதியை போனில் பிடித்தார்.

"அண்ணே, கவரு வந்தா பிரிக்காதீங்க. அதுல ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததுக்கா போன் பண்றீங்க?" என்ற உத்திராபதி, போனை வைப்பதற்குள், "ஏ தைலம்மா, எல்லாரையும் கூப்புடு, கவர பிரிக்கணும்!" என்று கத்தியது இவர் காதிலேயே விழுந்தது.

"கனிமொழி, எல்லாப் பேரையும் மாத்து! மரியாதையா வை!"

மாற்றினாள். ஒரே பெயரை இரண்டு ஃபோல்டருக்கு வைக்கக் கம்ப்யூட்டர் விடவில்லை. அதனால் 'பாசமிகு மாமா'வுக்குப் பிறகு 'மிகவும் பாசமிகு மாமா', அவருக்குப் பிறகு 'அளவு கடந்த பாசமிகு மாமா' என்று போயிற்று. அந்தப் பாசத்தையெல்லாம் அச்சடித்துக்கொண்டு நடனசபாபதி பைக்கில் பறந்தார்.

உத்திராபதி வீட்டுக் கூடத்தில் குடும்பமே உட்கார்ந்திருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. நடுவில் பழைய பட்டியல் கிடந்தது. அதில் வரிக்கு வரி சிவப்புக் கோடு.

"அண்ணே, அது மெஷின் கோளாறு. இதுதான் ஒரிஜினல்."

உத்திராபதி புதிய பட்டியலைப் படித்தார். நெற்றி சுருங்கியது.

"பாசமிகு மாமாவா? எங்க வூட்டுல அப்பிடி ஒருத்தரும் கெடையாதே. வேற யாரு வூட்டு கல்யாணத்தையாவது மாத்தி எடுத்தாந்துட்டீங்களா?"

"அப்ப... ரெண்டாவது பொண்ணு கல்யாண ஆர்டரு..." என்று இழுத்தார் நடனசபாபதி.

காப்பி டம்ளரை நீட்டிய உத்திராபதியின் மனைவி தைலம்மாள், சிவப்புப் பேனாவைக் காதோரம் செருகிக்கொண்டு சொன்னாள்:

"அது ஒங்களுக்குத்தாங்க. அந்தக் கல்யாணத்துக்கு யார யார கூப்புடக் கூடாதுன்னுதான ஒங்க பழைய லிஸ்ட்டுல கோடு போட்டுக்கிட்டு இருக்கோம்!"