பாறசாலை ஞாபக யந்திரக் கம்பெனி

தமிழுக்கும் மலையாளத்துக்கும் நடுவே எல்லைக்கல் நெய்யாற்றுக்கு அந்தப் பக்கம் விழுமா, இந்தப் பக்கம் விழுமா என்று தெரியாமல் ஊரே ஊர்வலம் போய்க்கொண்டிருந்த காலத்தில், சர்க்கார் ஆபீஸ்களுக்கு ஞாபகசக்தி குறைந்துபோனது. இதை ஒரு பொதுநலப் பிரச்சினையாகக் கருதி, பாறசாலை கொப்பரை வியாபாரி கனகதாஸ் ஒரு கம்பெனி தொடங்க முன்வந்தார். அமெரிக்காவில் விஷயங்களை ஞாபகம் வைக்கும் யந்திரங்கள் வந்துவிட்டதாகப் பத்திரிகையில் படித்திருந்தார். எல்லை எப்படிப் போனாலும் இரண்டு சர்க்காரும் வாங்கியே தீர வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கும் தாணுலிங்கம் பிள்ளையின் வீட்டில் பங்குதாரர்கள் கூடினார்கள். குன்னத்துகால் சுகிர்தபாயும் பசுவை விற்று ஒரு பங்கு எடுத்திருந்தாள். அவள் புருஷன் பொன்னுதாஸை சித்திரையில் ஒரு ஊர்வலத்தில் போலீஸ் பிடித்துப்போனது. ஓணமும் கழிந்தது, ஆளைக் காணோம். பாறசாலை ஸ்டேஷனில் கேட்டால் நெய்யாற்றின்கரைக்கு அனுப்பினோம் என்பார்கள். நெய்யாற்றின்கரையில் அப்படி ஒருவன் வந்ததாக ஞாபகமே இல்லை என்பார்கள். ஸ்டேஷனில் ஒரு யந்திரம் வந்தால் ஆள் எங்கே என்று அதுவாவது சொல்லுமே என்றுதான் அவள் வந்திருந்தாள்.

எந்த யந்திரத்தில் பணம் போடுவது என்பதில் வாதம் நடந்தது. ஒன்று, விஷயத்தை ஒலியாக்கிப் பாதரசக் குழாயில் சுற்றவிடுவது. கரண்ட் போனால் விஷயமும் போய்விடும். மற்றது, பொடிப்பொடி இரும்பு வளையங்களைக் கம்பியில் கோத்தது. கரண்ட் போனாலும் மறக்காது. கோக்கும் வேலை கடினம் என்று ஒருவர் இழுத்தார். காரோடு கிராமத்தில் வலை பின்னுகிற பெண்கள் இருக்கையில் என்ன கவலை என்றார் கனகதாஸ். எல்லோரும் இரும்புக்கே சாய்ந்தார்கள்.

தாணுலிங்கம் பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"ஆபீஸ்ல இருந்தவன் சொல்லுதேன். ஒரு காரியம் ஞாபகம் உண்டுன்னு சொன்னா, அடுத்து அதைச் செய்யணுமாக்கும். எந்த ஆபீசர் அதைக் காசு கொடுத்து வாங்குவான்? பாதரசம்னா கரண்ட் போச்சு, எல்லாம் போச்சுன்னு எழுதிக் கொடுத்தாப் போதும்."

"அப்பம் பொதுநலம்?" என்றார் கனகதாஸ்.

"மக்கா கனகதாசு, காலம்பற நெய்யாற்றின்கரையில ஐக்கிய கேரளத்துக்குக் கை தூக்கினே. மத்தியானம் இங்க தமிழ் ஊர்வலத்துல கொடி பிடிச்சே. நானும் ரெண்டுலயும் நின்னேன். எல்லை எங்க போனாலும் மெம்பராகணும்லா? இரும்பு ரெண்டையும் மறக்காது, கேட்டியா."

சுகிர்தபாய் தவிர அறையில் இருந்த அத்தனை பேரும் இரண்டு ஊர்வலத்துக்கும் போனவர்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வாக்கெடுப்பில் பாதரசம் ஜெயித்தது. இரும்புக்குக் கை தூக்கியவள் சுகிர்தபாய் மட்டும்தான்.

கனகதாஸ் அவளிடம் தணிவாகப் பேசினார். கம்பெனி நல்லபடி வளரும், பழசை மறந்துவிடுவதுதான் உடம்புக்கும் நல்லது என்றார்.

"இதைப் பேசாண்டாம்னு இருந்தேன்," என்றாள் அவள். "அண்ணைக்கு எனக்க மாப்பிள்ளை ஊர்வலத்துக்கே போகல்ல. ரோட்டோரமா சந்தைக்குப் போனாரு. போலீசு வந்ததும் நீங்கதான் கொடியை அவரு கையில திணிச்சிட்டு ஓடினீங்க. நான் கண்டேன்."

கனகதாஸ் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்தார். "அதை ஸ்டேஷன்ல சொல்லப்பிடாதா அக்கா?"

"சொன்னேன். நான் சொன்னதும் அவங்களுக்கு ஞாபகம் இல்லியாம்."

பிறகு தாணுலிங்கம் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். யந்திரம் வருமுன்னே ஸ்டேஷன் இவ்வளவு தூரம் பழகிவிட்டதென்றால், பாதரசத்தின் விற்பனைக்கு இனி ஒரு தடையும் இல்லை என்று சபைக்கு அறிவித்தார்.

முதலில் கை தட்டியவர் கனகதாஸ்.