டிக்கியில் ஏறிய பசுமை

பூமிக்கு இதுவரை வந்த ஆபத்துகளைக் கடவுள் பார்த்துக்கொண்டார். இனி வரப்போவதை என் அத்தான் பார்த்துக்கொள்வார். இது என் சொந்தக் கருத்தல்ல. எங்கள் நிறுவனத்தின் ‘பசுமைக் குழு’ தேநீர் ஆறுவதற்குள் ஏகமனதாக நிறைவேற்றிய தீர்மானம் அப்படிச் சொல்கிறது.

அக்காவின் கணவரான அவர்தான் அந்தக் குழுவுக்குத் தலைவர். தகுதி பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நிறுவனத்திலேயே அதிகமாகப் பெட்ரோல் குடிக்கிற கார் அவருடையது. சிவப்பு நிறம், இரண்டே கதவு, டர்போ எஞ்சின். வீட்டில் சாவியைத் திருகினால் அலுவலகத்தில் சத்தம் கேட்கும். அலுவலகம் அடுத்த தெருவில் இருப்பது அதற்கு இன்னொரு காரணம்.

“காரை வித்துடலாமே சார்?” என்று முதல் கூட்டத்தில் விவரம் தெரியாத ஒரு புதியவர் கேட்டார்.

“வித்தா வேற எவனாவது ஓட்டுவான். பூமிக்கு என்ன லாபம்?”

“இங்கதானே வீடு, நடந்து வரலாமே?”

“தலைவரே நடந்து வந்தா கம்பெனி நஷ்டத்துல போகுதுன்னு ஊழியர்கள் பயந்துட மாட்டாங்களா?”

ஊழியர் நலனில் இவ்வளவு அக்கறையா என்று புதியவர் நோட்டில் குறித்துக்கொண்டார். காரைப் புகை குறைவான எல்.பி.ஜி. கேஸுக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று.

ஒர்க்‌ஷாப்புக்கு என்னையும் சாட்சியாக அழைத்துப் போனார் அத்தான். அங்கிருந்த மெக்கானிக் யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்லிப் பழகாத மனிதர்.

“ஸ்டெப்னி வைக்கிற குழியில வட்டமா ஒரு டேங்க் உக்காந்துடும் சார். டிக்கி அப்படியே காலியா இருக்கும்.”

“டிக்கியத் திறந்து காட்டினா என்ன தெரியும்?”

“ஒண்ணுமே தெரியாது சார்.”

“ஒண்ணுமே தெரியாதுன்னா அப்புறம் எதுக்கய்யா மாத்தறது?”

மெக்கானிக் சட்டென்று விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். “அப்ப நீள சிலிண்டரா வச்சுடலாம் சார். டிக்கி முழுக்க அடைச்சுக்கும். பச்சை பெயிண்ட் அடிச்சே தர்றேன்.”

“அத்தான், அப்பாவோட சக்கர நாற்காலி?” என்றேன் நான்.

எங்கள் அப்பா அக்கா வீட்டில்தான் இருக்கிறார். பக்கவாதம் வந்து வலது கால் விழுந்துவிட்டது. பிசியோதெரபி நிலையத்துக்கு அவரை அத்தானின் காரில் கூட்டிப்போவார்கள். மடித்த நாற்காலி டிக்கியில் வரும். அப்போதுதான் இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தார். “இடையில மட்டும் விட்டுடாதீங்க, விட்டா கால் எல்லாத்தையும் மறந்துடும்” என்று சிகிச்சை கொடுக்கும் அம்மாள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அத்தான் என் தோளில் கை வைத்தார். “உங்கப்பாவையும் பூமியையும் ஒரே டிக்கியில வைக்க முடியாது மச்சான்.”

பின் சீட்டில் நாற்காலியை வைக்கலாம் என்றேன். வெள்ளைத் தோல் சீட்டில் கீறல் விழுமாம். கூரையில் கட்டலாம் என்றேன். காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற வண்டி தலையில் சுமை தூக்குமா என்றார். என் ஸ்கூட்டரில் அப்பாவால் உட்கார முடியாது என்பதால் டாக்ஸி அனுப்பினேன். ஒரு வீட்டுக்கு இரண்டு வண்டி ஓடினால் புகையும் இரண்டு மடங்கு என்று டிரைவருக்கு ஒரு வகுப்பு எடுத்து, வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். அப்பாவின் சிகிச்சை அத்தோடு நின்றது. கூரை ஏறிக் கோழி பிடிக்க முடியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம் என்பார்கள். அத்தானை அப்படிச் சொல்ல முடியாது. கோழி இருக்கிற பக்கமே அவர் திரும்பவில்லை, நேரே வைகுண்டம்தான்.

மாற்றிய காரின் மகிமையையும் சொல்ல வேண்டும். இந்த வகை வண்டி பெட்ரோலில்தான் கிளம்பும். எஞ்சின் சூடேறிய பிறகு கேஸுக்கு மாறும். மாறினால் உள்ளே ஒரு பச்சை விளக்கு எரியும். அருமை டர்போவுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதென்று, “நல்லா கொதிச்சப்புறம் மாறுற மாதிரி வைங்க” என்று அத்தான் உத்தரவிட்டிருந்தார். மெக்கானிக் வழக்கம்போல் முடியாது என்று சொல்லவில்லை. எனவே எஞ்சின் கொதிப்பதற்குள் அலுவலகம் வந்துவிடும். சிலிண்டர் நிறையக் கேஸ், நாள் தவறாமல், பெட்ரோல் செலவில் வேலைக்குப் போய்த் திரும்பியது.

“பச்சை லைட் எரியவே மாட்டேங்குதே அத்தான்?”

“அவ்வளவு சிக்கனமா இருக்கோம்னு அர்த்தம். கேஸ் ஒரு சொட்டு குறையல பாரு.”

இப்படிப்பட்டவருக்கு விருது தராமல் இருந்தால்தான் தப்பு. தலைமை அலுவலகம் ‘மாசு குறைத்த மாமனிதர்’ என்ற பட்டத்தை அறிவித்தது. காரை நேரில் பார்த்து விருதும் கொடுத்துவிட்டுப் போக ஒரு விருதுக் குழு வீட்டுக்கே வந்தது.

அன்றைக்குத்தான் பிசியோதெரபி நிலையத்திலிருந்தும் கடைசியாகச் சொல்லியிருந்தார்கள்: இன்று வராவிட்டால் அப்பாவின் இடம் வேறொருவருக்கு. அக்கா அழுது கெஞ்சி, அங்கே ஒரு நாற்காலியை இரவல் பேசி வைத்திருந்தாள். ஆளை மட்டும் தூக்கி உட்கார வைத்தால் போதும். அத்தானும் பெரிய மனது பண்ணிச் சரி என்றிருந்தார். அப்பா சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வாசலில் தயாராக உட்கார்ந்திருந்தார்.

விருதுக் குழுவின் தலைவர் டிக்கியைத் திறந்து சிலிண்டரைத் தட்டிப் பார்த்தார். “பிரமாதம். பச்சை லைட் எரியறதையும் பாத்துட்டா முடிஞ்சுது.”

எஞ்சினோ ஜில்லென்று இருந்தது. அத்தான் உள்ளே உட்கார்ந்து, நின்ற இடத்திலேயே ஆக்சிலேட்டரை மிதிக்கத் தொடங்கினார். வாசலெல்லாம் பெட்ரோல் புகை. குழுவினர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சுற்றுச்சூழலுக்குரிய மரியாதையுடன் நின்றார்கள். அப்பா இருமினார்.

நான் கார் ஜன்னலில் குனிந்தேன். “அத்தான், அப்பாவை ஏத்திக்கிட்டுக் கிளம்புங்க. போற வழியில தானா சூடாயிடும், லைட்டும் எரியும்.”

“வண்டி போயிட்டா இவங்க எதைப் பாப்பாங்க? கொஞ்சமாவது யோசிச்சுப் பேசு மச்சான்!”

எஞ்சின் கொதிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தோம். பச்சை விளக்கு எரிந்தது. கைதட்டல். திறந்த டிக்கியுடன் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் அடித்தது. அப்பாவின் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். அவள் அப்பாவிடம் போய் விஷயத்தைச் சொன்னாள்.

“விடும்மா” என்றார் அப்பா, இருமலுக்கு நடுவே. “மாப்பிள்ளை பூமியைக் காப்பாத்தட்டும். நான் எங்க ஓடப்போறேன்?”

அந்த நேரம் பார்த்து விருதுக் குழுவின் தலைவர் என் பக்கம் திரும்பினார். “குடும்பத்து சார்பா ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி. இந்தக் காரால என்ன குறைஞ்சிருக்கு?”

“பெட்ரோல் குறையல சார். புகையும் குறையல. எங்கப்பா நடக்கிறதுதான் குறைஞ்சிருக்கு. குறைச்சவர் இவர்தான், விருதை இவர் கையிலயே குடுங்க.”