கார் பார்க்க வந்த மாப்பிள்ளை

"மாப்ள எந்த ஊருங்க?"

பூக்காரக் காத்தாயி இப்படிக் கேட்டபோது, பாண்டுரங்கன் புதுக் காரின் நான்காவது சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். குனிந்தவர் குனிந்தபடியே தலையை மட்டும் திருப்பினார்.

"எந்த மாப்ள?"

"இன்னாங்க இப்டி கேக்குறீங்க? பொண்ணு பேர்ல இம்மாம் பெரிய காரு வாங்கியிருக்கீங்க. மாப்ள இல்லாமலா?"

"அது மணிமொழி காலேஜ் போறதுக்கும்மா!"

"சரிங்க, சரிங்க. நான் யாராண்டயும் சொல்லல," என்று காத்தாயி சிரித்தாள். மாலையைப் பானெட்டில் வைத்துவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இருப்பதற்காக நேராகப் பஜாருக்குப் போனாள்.

பாண்டுரங்கன் செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் பம்ப்செட் மோட்டார் கடை வைத்திருப்பவர். ஒரே மகள் மணிமொழி. பதினெட்டு வயது முடிந்து ஒரு மாதம் ஆகிறது. பிளஸ் டூவில் அவள் வாங்கிய மார்க்குக்குக் கோயம்புத்தூரில் விவசாயப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. ஹாஸ்டலும் கிடைத்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமையைத்தான் பாண்டுரங்கனால் தாங்க முடியவில்லை. மகள் இல்லாத வீட்டில் சாப்பாடு எப்படி இறங்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். சிவப்பு நிறத்தில், பட்டனைத் தட்டினால் கூரை திறந்து வானம் தெரிகிற ஒரு கார். இதில் தினமும் திண்டிவனம் காலேஜுக்குப் போய் வரலாம், ராத்திரிச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். இப்படிப்பட்ட காரை விட்டுவிட்டு ஹாஸ்டல் சாம்பாருக்குப் போகிற பிள்ளை உலகத்தில் உண்டா?

அவர் மனைவி ஜெயசுதா ஆரம்பத்திலேயே எதிர்த்தாள்.

"பதினெட்டு வயசுப் பொண்ணுக்கு எதுக்குங்க இவ்ளோ பெரிய காரு? அது சைக்கிள்ல போனாலே பின்னாடி திரும்பிப் பாக்காது."

"நான் திண்டிவனம் காலேஜுக்குப் பஸ் படியில தொங்கிக்கினு போனவன். எம்பொண்ணும் தொங்கணுமா?"

"தொங்குனீங்களே, பாஸாச்சும் பண்ணீங்களா?"

"உக்கார எடம் கெடச்சிருந்தா பண்ணியிருப்பேன்!"

ஒரு மாதம் இப்படியே போனது. அப்புறம் ஒரு நாள் ஜெயசுதா சண்டையைச் சட்டென்று நிறுத்திவிட்டாள். தான் ஜெயித்துவிட்டதாகப் பாண்டுரங்கன் நினைத்தார். கல்யாணம் ஆகி இருபது வருடத்தில் இது முதல் வெற்றி என்பதால் அவருக்குச் சந்தேகப்படத் தெரியவில்லை. அதோடு ஜெயசுதா அப்போது வேண்டுதலில் இருந்தாள். சிங்கவரம் பெருமாள் கோயிலுக்கு நாற்பத்தெட்டு நாள் விடியற்காலையில் போய் வருவதாக வேண்டுதல். வியர்க்க விறுவிறுக்கத் திரும்புவாள்.

"தெனம் போற, ஒரு நாளாச்சும் துளசி எடுத்தாரக் கூடாதா?" என்று அவர் கேட்டால், "அவசரத்துல மறந்துட்டேங்க," என்பாள்.

இப்போது கார் வந்துவிட்டது. மணிமொழி அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"சூப்பரா இருக்குது நைனா. ஆனா திங்கக்கெழம நான் கோயம்புத்தூர் போறேன்."

"மொதல்ல ஏறிக் குந்து! அப்புறம் பேசு!"

கோட்டை வாசல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், ராஜகிரிக்கு நேராக நிறுத்திக் கூரையைத் திறந்தார். மலை உச்சி முழுசாகத் தெரிந்தது. மணிமொழி எழுந்து நின்று கையை விரித்துக் கூவினாள். பாண்டுரங்கனுக்கு நெஞ்சு விம்மியது. அந்த நேரம் ஒரு குரங்கு கூரை வழியாக உள்ளே குதித்து, பூஜை வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு, பாண்டுரங்கனின் தலையில் கால் வைத்து வெளியே போனது. மகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாதி வேலை முடிந்தது என்று அவருக்குக் குஷியாக இருந்தது.

திரும்பி வரும்போது பஜாரில் நாலு பேர் காரை மறித்துக் கைகொடுத்தார்கள்.

"பாண்டு, கல்யாணம் எப்ப? சொல்லவே இல்லியே!"

"மாப்ளயே யாரும் இல்லப்பா!" என்று பாண்டுரங்கன் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

அதுதான் முதல் தப்பு. மாப்பிள்ளை இல்லை என்றால் என்ன அர்த்தம்? இன்னும் அமையவில்லை என்று அர்த்தம். மதியத்துக்குள் கல்யாணத் தரகர் நெடுமாறன் மூன்று ஜாதகத்தோடு கடை வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"யோவ், அது படிக்கப் போவுதுய்யா!"

"படிக்கட்டும். நான் வேணாம்னு சொன்னனா? காரு எந்த மாடலு?"

இதைத் தடுக்கப் பாண்டுரங்கன் எடுத்த அடுத்த நடவடிக்கை பிளெக்ஸ். பிளெக்ஸ் கடை குருவிடம் விஷயத்தை எழுதியே கொடுத்தார்: 'எங்கள் மகள் மணிமொழிக்கு வாங்கிய கார் கல்லூரி செல்வதற்கு மட்டுமே. சீர்வரிசைக்கு அல்ல.'

மறுநாள் காலை கூட்டு ரோட்டுக்குப் போய்ப் பிளெக்ஸை அண்ணாந்து பார்த்தார். பத்தடி உயரத்தில் மணிமொழி சிரிக்கிறாள். பக்கத்தில் கார். சுற்றிலும் சாமந்திப்பூத் தோரணம், மேலே இரண்டு கிளி, கீழே கடை போன் நம்பர். அவர் எழுதிக் கொடுத்த வாசகம் ஒரு கிளியின் வாலுக்கடியில் எறும்பு வரிசை போல ஓடியது.

"இன்னாடா குரு இது? கிளி எதுக்குடா?"

"பொண்ணு போட்டோன்னா கிளி வரும்ண்ணே. நம்ம டிசைனே அதான். எழுத்து கொஞ்சம் ஜாஸ்தியா இருந்துச்சி, சின்னதாக்கிட்டேன்."

அன்றைக்கு முழுக்கப் போன் அடித்தபடியே இருந்தது. தளவானூரிலிருந்து ஒருவர், "பெட்ரோலா, டீசலா?" என்று கேட்டார். இன்னொருவர் டிக்கியில் எத்தனை மூட்டை வைக்கலாம் என்று விசாரித்தார். பெண்ணின் பெயரைக் கேட்டவர்கள் ரொம்பக் குறைவு.

பாண்டுரங்கன் ஆத்திரத்தோடு ஏணி வைத்து ஏறிப் பிளெக்ஸைக் கிழித்து எறிந்தார். அதையும் ஊர் பார்த்தது. பிளெக்ஸை இறக்கிவிட்டாரா? அப்படியானால் பெண்ணுக்கு இடம் அமைந்துவிட்டது!

இந்தச் செய்தி அவலூர்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஜெயக்கொடி என்று ஒரு அம்மாள், பாண்டுரங்கனுக்குத் தூரத்துச் சொந்தம், தங்கச்சி முறை. தன் பையனுக்கு ஒரு வார்த்தை கேட்பதற்குள் யாரோ முந்திக்கொண்டார்களே என்று பதறிப்போய், புதன்கிழமை பதினாலு பேரோடு வேனில் வந்து இறங்கினாள். ஏழு தாம்பாளம். பழம், பூ, வெற்றிலை, பாக்கு, எல்லாம்.

"அண்ணா, இன்னும் அஞ்சு நாள்ல ஆடி பொறக்குது. அதுக்குள்ள பூ வச்சிடலாம்!"

பாண்டுரங்கன் வாயைத் திறப்பதற்குள் பதினாலு பேரும் வீட்டுக்குள் வராமல் காரைச் சுற்றி நின்றுவிட்டார்கள். மாப்பிள்ளைப் பையன் ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். பட்டனைத் தட்டினான். கூரை திறந்தது. பதினாலு பேரும் "ஆ" என்றார்கள்.

ஜெயக்கொடி முகம் மட்டும் கொஞ்சம் வாடியது. "செவப்பா இருக்குதே அண்ணா. எங்க பையனுக்கு வெள்ளதான் ராசி."

"இல்ல தங்கச்சி, பொண்ணு படிக்கணும்னு..."

"படிக்கட்டுமே! எங்க பையனே தெனம் கார்ல கொண்டுபோயி உட்டுட்டு வருவான்."

மணிமொழி காபித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளை ஸ்டியரிங்கிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கையை வெளியே நீட்டி டம்ளரை வாங்கிக்கொண்டான்.

"இன்னும் கொஞ்சம் சக்கர," என்றான்.

"கார்ல ஒரு பட்டன் இருக்கும், தட்டிப் பாருங்க," என்று சொல்லிவிட்டு மணிமொழி உள்ளே போனாள். அவன் நிஜமாகவே தேடினான்.

போகும்போது தாம்பாளங்களைக் கூடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை வந்து பூ வைப்பார்களாம். சொந்தக்காரர்கள் வைத்துவிட்டுப் போன தட்டைத் திருப்பி அனுப்பினால் ஜென்மப் பகை. என்ன செய்வது என்று தெரியாமல் பாண்டுரங்கன் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மகளை வீட்டில் வைத்துக்கொள்ளத்தான் அவர் இந்தக் காரை வாங்கினார். இந்தக் காரே அவளை அவலூர்பேட்டைக்கு ஏற்றிக்கொண்டு போய்விடும் போலிருந்தது. அவருக்கு அழுகை வந்தது. தாராளமாக அழுதார்.

பக்கத்துக் கதவைத் திறந்து மணிமொழி ஏறி உட்கார்ந்தாள்.

"நைனா, ஹாஸ்டல்ல உட்டா நாலு வருஷத்துல திரும்பி வந்துடுவேன். லீவுக்கு லீவு வருவேன். இந்தக் கார்ல ஏத்திவுட்டா எங்க போயி எறங்குவேன்னு உனக்கே தெரியாது."

"நீ இல்லாத வூட்ல நான் எப்டிம்மா சாப்டுவேன்?"

"தெனம் வீடியோ கால் போடறேன். என்னப் பாத்துக்கினே சாப்டு."

பாண்டுரங்கன் மூக்கை உறிஞ்சினார். "சரி போ. கோயம்புத்தூருக்கே போ," என்றார். சொன்னதும் மனசு லேசாகிவிட்டது. அவருக்கே அது ஆச்சரியம்.

ஆனால் வெள்ளிக்கிழமை இன்னும் பாக்கி இருந்தது. அவமானத்தை விழுங்கிக்கொண்டு தரகர் நெடுமாறனிடமே யோசனை கேட்டார்.

"பொண்ணு பேர்ல காரு இருக்கற வரைக்கும் அவங்க உடமாட்டாங்க," என்றார் நெடுமாறன்.

"எம்பேருக்கு மாத்திடறேன்."

"உம்பேர்ல இருந்தா அது மாமனாரு காரு. மாமனாரு காருன்னா நாளைக்கு மாப்ள காருதானே? பொண்டாட்டி பேர்ல எழுதிடு. மாமியாரு காரு மேல எந்த மாப்ளய்யா கைய வெப்பான்?"

பாண்டுரங்கன் துள்ளி எழுந்து வீட்டுக்கு ஓடினார். ஜெயசுதாவோ தயங்கினாள்.

"எனக்கு எதுக்குங்க காரு? நீங்க பாவம், பொண்ணுக்குன்னு ஆசையா வாங்குனது."

"அந்த ஆசையெல்லாம் போதும்! கையெழுத்துப் போடு!"

பேனாவைத் தேடிக்கொண்டு அவர் மேசையைக் குடைவதற்குள் ஜெயசுதா தன் பையிலிருந்தே ஒன்றை எடுத்தாள். போட்டோ வேண்டும் என்றார். நாலு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் அந்தப் பையிலேயே இருந்தது. எவ்வளவு பொறுப்பான மனைவி என்று அவருக்குப் பெருமையாக இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள், அலைந்து திரிந்து பெயர் மாற்றத்துக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஜெயக்கொடி போன் செய்தாள்.

"கெளம்பிட்டோம் அண்ணா. காரு தொடச்சி வெச்சிருக்கா?"

"வெச்சிருக்குது தங்கச்சி. அத உங்க அண்ணி பேருக்கு எழுதிட்டேன். அவளுக்குத்தான் காரு."

அந்தப் பக்கம் வேன் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"அண்ணா, எங்க பையனுக்குச் செவ்வா தோஷம்னு இப்பதான் ஜோசியரு சொல்றாரு. உங்க பொண்ணு நல்லா இருக்கணும் இல்ல? தாம்பாளத்த மட்டும் யாராச்சும் வந்தா குடுத்தனுப்புங்க."

பாண்டுரங்கன் கூடத்திலேயே ஒரு குதி குதித்தார். பகை இல்லை, பழி இல்லை, மகள் தப்பித்தாள்! திங்கட்கிழமை தானே அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போய்க் கோயம்புத்தூரில் விட்டுவிட்டு வருவது என்று முடிவு செய்தார். மனைவி பேரில் இருந்தால் என்ன, ஓட்டப்போவது அவர்தானே?

எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் இந்தப் புரளியை முதலில் கிளப்பியது யார்? ஞாயிற்றுக்கிழமை காலை அதை ஒரு கை பார்த்துவிடுவது என்று கிளம்பினார். காத்தாயியைக் கேட்டால் நெடுமாறன் சொன்னார் என்றாள். நெடுமாறனைப் பிடித்தார்.

"எனக்கு டிரைவிங் ஸ்கூல் இளவழகன் சொன்னான். காரு வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே சொல்லிட்டான்."

ஒரு வாரம் முன்னாடியா! பாண்டுரங்கனுக்குக் கொதித்தது. காரிலேயே போய் இறங்கி நாலு கேள்வி கேட்கலாம் என்று வீட்டுக்கு வந்தால், ஆணியில் சாவி இல்லை. வீட்டில் ஜெயசுதாவும் இல்லை, மணிமொழியும் இல்லை. சிங்கவரம் போயிருப்பார்கள். வேண்டுதல் கார் வருவதற்கு முன்பே முடிந்ததே என்று ஒரு கணம் தோன்றியது. கோபத்தில் அது மனசில் நிற்கவில்லை. வேகுவேகென்று நடந்தே டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், மேசையைத் தட்டினார்.

"டேய் இளவழகா! எங்கூட்டு காரு மாப்ளைக்கு வாங்குறதுன்னு உனக்கு எவன்டா சொன்னான்?"

இளவழகன் பதறிப்போய் எழுந்து நின்றான்.

"அண்ணே, திட்டாதீங்கண்ணே, ஜெயசுதா அக்காதான் சொன்னாங்க. நாப்பத்தெட்டு நாளு சிங்கவரம் ரோட்ல எங்கிட்ட வண்டி பழகி லைசென்ஸ் வாங்குனாங்க இல்ல, அன்னிக்கி ஸ்வீட்டு குடுத்துட்டு, 'மாப்ளைக்குத்தான் காருன்னு ஊர்ல ஒரு வார்த்த போட்டு வையிப்பா, பொண்ணும் காலேஜுக்குப் போயிடும், காரும் எம்பேருக்கு வந்துடும்'னாங்க!"