நிலாவாரைப் புரட்சி

உலக மருத்துவ வரலாறு என்று ஒன்று ஒழுங்காக எழுதப்பட்டால், முதல் பக்கம் கோவில்பட்டிக்குத்தான். அதிலும் முதல் வரி, 'மூலிகை மீட்புப் பேரவை'யின் தலைவரான எனக்கு. பேரவைக்கு வாட்ஸ்ஆப்பில் நூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்கள். ஆராய்ச்சிக்கூடம்? அதுவும் வாட்ஸ்ஆப்தான்.

சென்ற ஆவணியில் குழுவுக்கு ஒரு 'ஆய்வறிக்கை' வந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டு நிலாவாரை இலையை நாற்பது நாள் குடித்தால் சர்க்கரை நோய் ஓடிவிடுமாம். எழுதியவர் பெயர் இல்லை, தன்னடக்கம். அவசரக் கூட்டம் கூட்டினேன். கடலைமிட்டாயும் இனிப்புத் தூக்கலாகக் காப்பியும் வழங்கி, சர்க்கரையை ஒழிக்கும் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றினோம். மாத்திரையை நிறுத்தியதாக முதல் பதிவு என்னுடையது.

அதைப் படித்து உருகிய முதல் 'பயனாளி' எப்போதும்வென்றான் ஊரில் கரிசல் உழும் சம்சாரி உக்கிரபாண்டி. பத்து வருசச் சர்க்கரை, வலது காலில் ஆறாத புண். அவரை மார்க்கெட்டில் மஸ்தான் பாயின் நாட்டு மருந்துக் கடைக்கு அழைத்துப் போனேன். விவரம் கேட்டதும் பாய் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"இது மலச்சிக்கலுக்குள்ள இலை, அண்ணாச்சி. குடிச்சா வயித்தால போகும், சர்க்கரை போகாது. புண்ண வச்சிக்கிட்டு மாத்திரைய நிப்பாட்டாதிய."

விற்க மறுக்கும் வியாபாரி! உக்கிரபாண்டி என் காதைக் கடித்தார். "பாய் இம்புட்டு மறைக்காருன்னா, இலையில என்னமோ இருக்கு."

'பாரம்பரிய ரகசியத்தைப் பதுக்கியமைக்காக' மஸ்தானைப் பேரவை வன்மையாகக் கண்டித்தது. பிறகு அதே இலையின் பொடி, பனிமலைப் படம் போட்ட டப்பாவில் கூரியரில் வந்து இறங்கியது. இலை, உக்கிரபாண்டியின் கரிசலிலேயே விளைந்ததாக இருக்கலாம். பனிமலை அங்கே விளையாதே!

குடித்தார். பலன் அன்றைக்கே தெரிந்தது. ஒரு நாளைக்கு ஒன்பது தடவை ஓடினார். 'நோய் வெளியேறுகிறது' என்று குழுவில் அறிவித்தேன். கைகூப்பல்கள் குவிந்தன.

முப்பத்தோராம் நாள், ஆஸ்பத்திரியில் அவருடைய வலது கால்விரல்களில் இரண்டை வெளியேற்றினார்கள்.

நேற்று அதே ஆஸ்பத்திரியின் மருந்து வரிசையில் நின்றிருந்தேன். கம்பு ஊன்றி வந்த உக்கிரபாண்டி என் கையிலிருந்த சீட்டை வாங்கிப் பார்த்தார். மாதம் தவறாமல் குத்திய முத்திரைகள். போன ஆவணியிலும் ஒன்று இருந்தது.

"சர்க்கரை மாத்திரைச் சீட்டுல்லா இது? நிப்பாட்டிட்டதா குழுவுல போட்டியளே, அண்ணாச்சி."

பத்து விரல்களும் தரையில் பதிய நிமிர்ந்து நின்றேன்.

"எல்லாரும் நிப்பாட்டிட்டா, பேரவைய யாருவே நடத்துறது?"